‘லெஸ் எ பிராப்ளம் தேன் எ சிம்ப்டம்’: ஆங்கிலத்தின் ‘தேன்’ (than) எப்போது அளக்கிறது, எப்போது பெயரை மாற்றுகிறது?

#1 நுணா

நீர் மேலாண்மை அறிக்கை ஒன்றின் மொழிபெயர்ப்பில் ஒரே மாதிரியான வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. மாதிரிக்கு ஒன்று: ‘தி டிரௌட் வாஸ் லெஸ் எ ஷார்டேஜ் ஆஃப் ரெயின் தேன் எ ஃபெய்லியர் ஆஃப் ஸ்டோரேஜ்.’

முதல் வரைவு: “வறட்சி, மழைப் பற்றாக்குறையைவிடச் சேமிப்புத் தோல்வியாக அதிகம் இருந்தது.” படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. “மழைப் பற்றாக்குறை அல்ல, சேமிப்புத் தோல்வி” என்று மாற்றினால் தெளிவாகிறது. ஆனால் மூலம் அவ்வளவு அடித்துச் சொல்கிறதா? ‘நாட் ஸோ மச்… ஆஸ்’, ‘மோர் ஆஃப் எ’, ‘வொர்ஸ் தேன்’ எல்லாம் இதே அறிக்கையில் உண்டு. இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

#2 இடைச்சொல்

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘தேன்’ வந்தாலே எதையோ அளக்கிறார்கள் என்று நாம் படிக்கப் பழகியிருக்கிறோம். உங்கள் வாக்கியத்தில் அளவு எதுவும் இல்லை. நடந்தது ஒரே சங்கதி. அதற்கு இரண்டு பெயர்கள் போட்டியிடுகின்றன. எந்தப் பெயர் பொருந்தும் என்பதுதான் பேச்சு. இலக்கணக்காரர்கள் இதைத் தனி வகையாகவே வைக்கிறார்கள். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் ‘மெட்டாலிங்விஸ்டிக்’ ஒப்பீடு என்கிறார்கள். பொருள்களை ஒப்பிடாமல் சொற்களின் பொருத்தத்தை ஒப்பிடுவது.

பிரிக்க எளிய வழி, ‘தேன்’ என்பதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. காலம், இடம், எண், அல்லது அதே வகையில் இன்னொன்று நின்றால் அளவை: ‘லெஸ் ஆஃப் எ பிராப்ளம் தேன் லாஸ்ட் இயர்’, போன வருடத்தைவிடச் சிக்கல் குறைவு. அதே பொருளுக்கு இன்னொரு பெயர் நின்றால் பெயர்மாற்றம்: ‘லெஸ் எ பிராப்ளம் தேன் எ சிம்ப்டம்’, சிக்கல் என்பதைவிட அறிகுறி என்பதே பொருந்தும்.

ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சட்டையைப் போட்டுவிடுகிறது. தமிழில் இரண்டும் தனித்தனி. அளவைக்கு ‘-ஐ விட’, பெயர்மாற்றத்துக்கு ‘என்பதைவிட’ அல்லது ‘என்று சொல்வதைவிட’. “கோபத்தைவிட வருத்தம் அதிகம்” என்றால் இரண்டும் இருக்கின்றன, ஒன்று கூடுதல். “கோபம் என்பதைவிட வருத்தம் என்பதே சரி” என்றால் இருப்பது ஒரே உணர்ச்சி, பெயரைத் திருத்துகிறோம். அந்த ‘என்பது’ தான் சொல்லைச் சொல்லாகப் பேசுகிறோம் என்று காட்டுகிறது. நீங்கள் அதை விட்டுவிட்டதால்தான் முதல் வரைவு குழம்பியது.

#3 வல்லினம்

ஆங்கிலத்துக்குள்ளேயே இதற்கு ஒரு சோதனை உண்டு. ‘லேஸி’யின் ஒப்பீட்டு வடிவம் ‘லேஸியர்’. “அவன் முட்டாள் என்பதைவிடச் சோம்பேறி” என்று சொல்ல ‘லேஸியர் தேன் ஸ்டூபிட்’ என்று எழுத முடியாது. ‘மோர் லேஸி தேன் ஸ்டூபிட்’ என்றுதான் எழுத வேண்டும். வழக்கமாக ‘-அர்’ விகுதி எடுக்கும் சொல், விகுதி இல்லாமல் ‘மோர்’ உடன் வந்தால் அங்கே பெயர்மாற்றம் நடக்கிறது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ‘மேசை அகலத்தைவிட நீளம்’ என்பதில் ‘லாங்கர் தேன் இட் இஸ் வைட்’ என்று விகுதி வருகிறது, ஏனென்றால் அங்கே உண்மையாகவே இரண்டு அளவுகள் இருக்கின்றன.

பெயர்ச்சொல்லில் கவனிக்க வேண்டியது ‘ஆஃப் எ’. ஒருமையில் எண்ணக்கூடிய சொல்லோடுதான் அது ஒட்டும்: ‘மோர் ஆஃப் எ கைட்லைன்’. பன்மையில் வழுக்கும். ‘மோர் சிம்ப்டம்ஸ் தேன் காஸஸ்’ என்றால் காரணங்களைவிட அறிகுறிகள் எண்ணிக்கையில் அதிகமா, அல்லது இவை காரணங்கள் என்பதைவிட அறிகுறிகள் என்பது பொருத்தமா? இரண்டுக்கும் இடமுண்டு. கவனமாக எழுதுபவர்கள் ‘சிம்ப்டம்ஸ் மோர் தேன் காஸஸ்’ என்று வரிசையை மாற்றிவிடுவார்கள். உங்கள் அறிக்கையில் பன்மை வந்தால் முன்பின் பத்தியைப் படிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

#4 நுணா

‘என்பதைவிட’ போட்டதும் வாக்கியம் நிமிர்ந்துவிட்டது. நன்றி. ஆனால் ‘அல்ல’ என்று போடக்கூடாதா என்ற கேள்வி நிற்கிறது. வாசகருக்கு அதுதான் சட்டென்று புரிகிறது.

#5 இடைச்சொல்

போடக்கூடாது. காரணம் நடை அல்ல, பொறுப்பு.

போட்டியிடும் இரண்டு பெயர்களை ஏ (A), பி (B) என்று வைத்துக்கொண்டு, முதல் பெயரில் எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். ‘நாட் ஏ பட் பி’: ஏ முழுக்க மறுக்கப்படுகிறது. ‘நாட் ஸோ மச் ஏ ஆஸ் பி’: ஏ கொஞ்சம் இருக்கலாம், பேச்சுக்கு எடுக்க வேண்டாம். ‘லெஸ் ஏ தேன் பி’: ஏ இருக்கிறது, ஆனால் பி முக்கியம். ‘பி ஆஸ் மச் ஆஸ் ஏ’: இரண்டும் சமம். ‘மோர் தேன் ஏ’: ஏ-வும் உண்டு, அதற்கு மேலும் உண்டு.

உங்கள் வாக்கியத்தை எழுதியவர் மழை குறைந்ததை மறுக்கவில்லை. ‘அல்ல’ என்று எழுதினால் மழையே குறையவில்லை என்று ஆகிவிடும். அடுத்த பக்கத்தில் மழையளவு அட்டவணை இருந்தால் வாசகர் இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கையே முரண்படுகிறது என்பார். அரசு அறிக்கை, நீதிமன்ற ஆவணம், மருத்துவக் குறிப்பு ஆகியவற்றில் இந்த மிச்சத்தைத் தின்றுவிட்டால் எழுதியவர் சொல்லாததை அவர் வாயில் திணித்ததாகிவிடும்.

தமிழில் ஏறத்தாழ இப்படி வைக்கலாம்:
‘நாட்… பட்’ — “அல்ல”
‘நாட் ஸோ மச்… ஆஸ்’ — “என்பதற்கில்லை”, “என்று சொல்வதற்கில்லை”
‘லெஸ்… தேன்’ — “என்பதைவிட… என்பதே பொருந்தும்”
‘மோர் தேன்’ — “மட்டுமன்று”, “என்பதோடு நில்லாமல்”

இன்னொரு எச்சரிக்கை. ‘விதவுட் ஸோ மச் ஆஸ் எ வேர்ட்’ என்பதில் வருகிற ‘ஸோ மச் ஆஸ்’ வேறு பிறவி. அது “ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்”. ஆங்கிலத்தில் எழுதுபவர்களிலேயே பலர் ‘நாட் ஸோ மச்’ என்று தொடங்கிவிட்டு ‘பட்’ போட்டு முடிக்கிறார்கள். நடைக் கையேடுகள் இதைப் பிழை என்கின்றன. மூலத்தில் அப்படி வந்தால் ‘ஆஸ்’ என்றே எண்ணிப் படியுங்கள்.

வரிசையில் மட்டும் தமிழுக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் ‘லெஸ் ஏ தேன் பி’ என்றும் ‘மோர் பி தேன் ஏ’ என்றும் இரு விதமாக அடுக்கலாம். முதலாவதில் புதிய பெயர் கடைசியில் வந்து காதில் நிற்கும். தமிழில் ‘விட’ தான் தள்ளும் பெயரோடு முன்னால் வந்துவிடுவதால், ஏற்கும் பெயர் தானாகவே பின்னால் போய் அழுத்தம் பெறுகிறது. இரண்டு ஆங்கில அமைப்புக்கும் தமிழில் பெரும்பாலும் ஒரே வாக்கியம் போதும்.

#6 கடற்காகம்

இலக்கணம் சரி. இந்த அமைப்பைப் பூசி மெழுகுவதற்கே அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘லெஸ் எ ஃபெய்லியர், மோர் எ லேர்னிங் ஆப்பர்ச்சூனிட்டி’ என்ற வகையறா. தோற்றது தோற்றதுதான். ‘லெஸ் தேன் ஐடியல்’, ‘லெஸ் தேன் ஹெல்ப்ஃபுல்’ என்பவற்றையும் பாருங்கள். ‘லட்சியத்துக்குச் சற்றுக் குறைவு’ என்று மொழிபெயர்த்தால் ஏமாந்தோம். ‘லெஸ் தேன் ஆனஸ்ட்’ என்றால் நேர்மையில் கொஞ்சம் குறைவு என்று பொருள் இல்லை. பொய் சொன்னார் என்பதை நாகரிகமாகச் சொல்கிறார்கள். இத்தகைய இடத்தில் ஒப்பீட்டையே தூக்கிவிட்டு “உதவவில்லை”, “உண்மையைச் சொல்லவில்லை” என்று எழுதுவதுதான் முறை.

#7 திருத்துநர்

கடற்காகம் சொல்வது உண்மை. ஆனாலும் எல்லாப் பெயர்மாற்றமும் பூச்சு அல்ல. ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம்: பெயர் மாறியதும் செய்ய வேண்டிய வேலை மாறுகிறதா?

‘மழைப் பற்றாக்குறை’ என்றால் செய்வதற்கு அதிகம் இல்லை, காத்திருக்க வேண்டும். ‘தேக்கத் தவறியது’ என்றால் தூர் வார வேண்டும், மதகைச் சரிசெய்ய வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும், யாராவது பதில் சொல்ல வேண்டும். பெயர் மாறியதும் வேலையும் ஆளும் மாறுகின்றன. இது உண்மையான மறுவரையறை. ‘தோல்வி’யை ‘கற்றல் வாய்ப்பு’ என்று மாற்றினால் நாளைக்கு யார் என்ன செய்வார் என்பதில் ஒன்றும் மாறவில்லை என்றால் அது வெறும் பூச்சு. அதே கூற்று ‘எனவே அடுத்த முறை சோதனை ஓட்டத்தை இரண்டு வாரம் நீட்டிக்கிறோம்’ என்று தொடர்ந்தால் ஏற்கலாம்.

‘வொர்ஸ் தேன்’ என்பதற்கு வருவோம். நுணா அதையும் கேட்டிருந்தார். 1804இல் நெப்போலியன் ஆட்சி, பழைய பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆன்ஜியன் கோமகனைப் பிடித்துவந்து சுட்டுக்கொன்றபோது பிரெஞ்சில் சொல்லப்பட்ட ஒரு வாசகம் ஆங்கிலத்திலும் நிலைத்துவிட்டது: ‘இட் வாஸ் வொர்ஸ் தேன் எ கிரைம், இட் வாஸ் எ பிளண்டர்.’ அக்காலப் பிரெஞ்சு அரசியல்வாதிகளில் தாலெரான் சொன்னது என்பார்கள், ஃபூஷே என்பார்கள், புலே த லா மேர்த் என்பவரும் உண்டு. சாதாரணத் தராசில் குற்றம் கனமானது, தவறு லேசானது. இங்கே தவறைக் கனமாக்கியிருக்கிறார்கள். ஏனென்றால் தராசையே மாற்றிவிட்டார்கள்: அறத்தின் தராசு போய் ஆட்சித் தந்திரத்தின் தராசு வந்துவிட்டது. ‘குற்றத்தைவிட மோசம்’ என்று படித்ததும் வாசகர் ஒரு கணம் நின்று ‘எந்த வகையில் மோசம்?’ என்று கேட்கிறாரே, அந்தக் கேள்விதான் இந்த அமைப்பின் வேலை. இதை மொழிபெயர்க்கும்போது “குற்றம் என்பதைவிட” என்று போட்டுவிடாதீர்கள். இங்கே குற்றம் என்ற பெயர் மறுக்கப்படவில்லை. “குற்றத்தைவிடக் கொடியது: தவறு” என்று ‘-ஐ விட’வே நிற்க வேண்டும்.

#8 வல்லினம்

‘நோ மோர்… தேன்’ பற்றி யாரும் சொல்லவில்லை. மாட்டிக்கொள்ளும் இடங்களில் இதுதான் முதலில் வரும்.

ஜப்பானியப் பள்ளிகளில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு திமிங்கில வாக்கியம் தெரியும்: ‘எ வேல் இஸ் நோ மோர் எ ஃபிஷ் தேன் எ ஹார்ஸ் இஸ்.’ “குதிரை எப்படி மீன் இல்லையோ, அப்படியே திமிங்கிலமும் மீன் இல்லை.” ஆங்கிலத்தில் ‘ஹார்ஸ் இஸ்’ என்று உடன்பாட்டு வடிவம், பொருளோ எதிர்மறை. சொல்லுக்குச் சொல் போனால் “குதிரையைவிட அதிகம் மீன் இல்லை” என்று அபத்தமாகும். இரண்டு பக்கமும் ‘இல்லை’ போடுங்கள்.

சிக்கலைத் திருப்பிப்போட இந்த அமைப்பை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் நல்ல சான்று. பனாமா கால்வாய் விவகாரத்தில் கொலம்பிய ஆட்சியாளர்களோடு ஒப்பந்தம் செய்யவே முடியாது என்று 1915இல் ஒரு கடிதத்தில் எழுதினார்: பழப்பாகுக் கூழைச் சுவரில் ஆணியடித்து நிறுத்த முடிந்தால்தான் அவர்களோடும் உடன்பாடு காண முடியும் என்ற பொருளில், ‘நோ மோர்… தேன்’ வைத்து. அதன் வேலையைக் கவனியுங்கள். ஒப்பந்தம் நடக்காததற்கு அமெரிக்காவும் ஒரு தரப்பு. ஆனால் ஆணியடிப்பவன் மேல் குறை சொல்ல இடமில்லாமல் எல்லாக் குறையும் கூழின் தன்மைக்குப் போய்விட்டது. உவமை பொறுப்பை இடம் மாற்றிவிட்டது.

எண்ணோடு வந்தால் வேறு கதை. ‘நோ மோர் தேன் 50’ என்றால் பெரும்பாலும் “வெறும் 50 தான்”, சொல்பவருக்கு அது குறைவாகத் தெரிகிறது (விதிகளிலும் ஒப்பந்தங்களிலும் வந்தால் இதுவும் வரம்புதான்). ‘நாட் மோர் தேன் 50’ என்றால் “50க்கு மிகாமல்”, உச்ச வரம்பு. ‘நோ லெஸ் தேன் 50’, “50 பேர் வந்துவிட்டார்கள்!” என்ற வியப்பு, ‘நாட் லெஸ் தேன் 50’, “50க்குக் குறையாமல்”. ஒப்பந்தப் பத்திரங்களில் நம் அலுவலகத் தமிழின் ‘மிகாமல்’, ‘குறையாமல்’ இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன. அங்கே ‘மட்டுமே’ போட்டால் ஷரத்தே மாறிப்போகும்.

#9 மாத்திரைப்பெட்டி

எண் பக்கம் வந்தாயிற்று, அதனால் ஒன்று. ஒப்பீட்டில் அடிப்படை எண்ணை விழுங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் 1995 கருத்தடை மாத்திரை பீதியைப் படியுங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகையான மூன்றாம் தலைமுறை மாத்திரைகளால் முந்தைய வகையைவிட இரத்தக்கட்டு அபாயம் இருமடங்கு என்று எச்சரித்தது. ‘ட்வைஸ் த ரிஸ்க்’. உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது 7,000இல் இருவருக்கு ஆனது. பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. கர்ப்பத்திலும் இரத்தக்கட்டு அபாயம் உண்டு, அதுவும் மாத்திரையால் வருவதைவிட அதிகம். ‘இருமடங்கு’ பொய் இல்லை. ‘எதிலிருந்து எதற்கு’ என்பது மட்டும் மக்களிடம் போய்ச் சேரவில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு மூன்று கண்ணிகள்:

‘த்ரீ டைம்ஸ் மோர் தேன்’: மூன்று மடங்கா, அல்லது இருந்ததோடு இன்னும் மூன்று மடங்கு சேர்ந்து நான்கு மடங்கா? பெரும்பாலும் மூன்று மடங்கு என்றே எழுதுகிறார்கள். நம் “மூன்று மடங்கு அதிகம்” என்பதிலும் அதே குழப்பம். மூல எண்களைப் பார்த்து “மூன்று மடங்கு” என்று நிறுத்துங்கள், ‘அதிகம்’ வேண்டாம்.

‘த்ரீ டைம்ஸ் லெஸ்’: “மூன்றில் ஒரு பங்கு” என்று எழுதுங்கள். “மூன்று மடங்கு குறைவு” என்றால் கணக்கே நிற்காது.

4 சதவீதம் 6 சதவீதமானால்: உயர்வு 50 சதவீதம், அல்லது 2 சதவீதப் புள்ளிகள். ‘2 சதவீதம் உயர்ந்தது’ என்பது பிழை.

‘லெஸ் ஃபேட்’ (கொழுப்பு குறைவு) போன்று ‘தேன்’ இல்லாமல் தொங்கும் ஒப்பீடுகளையும் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. அமெரிக்க உணவு லேபிள் விதிப்படி ‘லெஸ்’, ‘ரெட்யூஸ்ட்’ என்று போட, ஒப்பிடும் பொருளைவிடக் குறைந்தது 25 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். எந்தப் பொருளோடு ஒப்பிட்டார்கள் என்றும் எழுத வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியில் ‘ரெட்யூஸ்ட்’ என்பதற்குப் பொதுவாக 30 சதவீதம். உப்புக்கும் நுண்சத்துகளுக்கும் தனிக் கணக்கு. விளம்பரத்தில் ‘தேன்’ இல்லாத ‘மோர்’, ‘பெட்டர்’ வந்தால் முதலில் ‘எதைவிட?’ என்று தேடுங்கள். மூலத்தில் பதில் இல்லை என்றால் நீங்களாகக் கற்பித்து நிரப்பாதீர்கள்.

#10 கடற்காகம்

ரூஸ்வெல்ட்டின் கூழ் உவமையைப் பார்த்ததும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. ‘லைக்’ போட்டு வரும் இந்த உவமைகளை ‘மிகவும் கடினம்’ என்று ஒரே கணக்கில் மொழிபெயர்ப்பது பெரிய தவறு. ஒவ்வொன்றும் வேறு விதமான கடினத்தைச் சொல்கிறது.

வைக்கோற்போரில் ஊசி: தேடுவது கடினம், கிடைத்தால் அடையாளம் காண்பது எளிது. நல்ல காந்தம் இருந்தால் வேலை முடியும்.

பூனை மேய்ப்பது, ‘ஹெர்டிங் கேட்ஸ்’: ஆட்கள் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி போகிறார்கள். காந்தம் உதவாது, கட்டளையும் உதவாது. நம்மிடம் இதற்கு ‘நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாற்போல’ இருக்கிறது, ஆனால் நெல்லிக்காய்க்குச் சொந்த விருப்பம் இல்லை. சிதறலைச் சொல்லும், பிடிவாதத்தைச் சொல்லாது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

‘வேக்-எ-மோல்’: 1970களில் ஜப்பானிலிருந்து வந்த விளையாட்டு எந்திரம், ஒரு துளையில் தலையை அடித்தால் இன்னொரு துளையில் கிளம்பும். தீர்வு தற்காலிகம், வேர் கீழே இருக்கிறது என்று பொருள். “ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பீறிடுகிறது” என்று எழுதலாம்.

சுவரில் கூழ்: வரையறையே நிற்கவில்லை. கடலையே கொதிக்கவைப்பது, ‘பாயிலிங் தி ஓஷன்’: எல்லை வகுக்காமல் இறங்கிவிட்டார்கள்.

திருத்துநரின் கேள்வி இங்கேயும் பொருந்தும். உவமை மாறினால் மருந்தும் மாறும். ஆகவே தமிழ் உவமையைத் தேர்ந்தெடுக்கும்போது அதே மருந்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

#11 இடைச்சொல்

ஒப்பீட்டுத் தொடர்களுக்குப் பழமொழி தேடும்போதும் அதே எச்சரிக்கை. சில அப்படியே உட்காரும். ‘மோர் டிரபிள் தேன் இட்ஸ் வொர்த்’ என்பதற்குச் “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்பதைவிடச் சிறந்தது எந்த மொழியிலும் இருக்காது. ‘குட் ஹேவ் பீன் வொர்ஸ்’ என்பதற்குத் “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று”. ‘தி கியூர் இஸ் வொர்ஸ் தேன் தி டிசீஸ்’ என்பதற்கு “மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல”.

ஆனால் ‘தி லெஸர் ஆஃப் டூ ஈவில்ஸ்’ வந்ததும் “எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி” என்று போட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பொருள்! ஆங்கிலத் தொடர் இரண்டையும் தரவரிசைப்படுத்தி, சின்னத் தீமையைத் தேர்ந்தெடு என்கிறது. நம் பழமொழி தரவரிசையே கிடையாது, இரண்டும் சுடும் என்கிறது. தேர்தல் கட்டுரையில் இப்படி மாற்றினால் ‘இவருக்குப் போடுங்கள்’ என்று எழுதியவரை ‘யாருக்கும் போடாதீர்கள்’ என்று சொன்னவராக ஆக்கிவிடுவோம். “இரண்டில் கெடுதல் குறைந்தது” என்று வெறுமனே எழுதுவதே மேல்.

‘குட் பி வொர்ஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது “பரவாயில்லை”. இன்னொருவரின் துயரத்தைப் பார்த்து வெளியாள் ‘இட் குட் பி வொர்ஸ்’ என்றால் அது துயரத்தைச் சிறிதாக்குவது. ஒரே சொற்கள், யார் வாயில் வருகிறது என்பதைப் பொறுத்து ஆறுதலும் ஆகும், அவமதிப்பும் ஆகும். உரையாடலை மொழிபெயர்க்கும்போது முதலில் பேசுபவர் யார் என்று பாருங்கள்.

#12 நுணா

எல்லாருக்கும் நன்றி. இப்போதைய வடிவம்:

“இந்த வறட்சியை மழைப் பற்றாக்குறை என்பதைவிடச் சேமிப்பின் தோல்வி என்பதே பொருந்தும்.”

இரண்டாவது இடம், ‘லீக்கேஜ் இஸ் நவ் லெஸ் ஆஃப் எ பிராப்ளம்’: “கசிவு முன்பைவிடக் குறைந்திருக்கிறது.”

#13 திருத்துநர்

முதலாவதில் ‘சேமிப்பின் தோல்வி’ இன்னும் ஆங்கிலமாகவே நிற்கிறது. ‘சேமிப்பு’ என்றதும் வங்கிதான் நினைவுக்கு வரும். “மழைப் பற்றாக்குறை என்பதைவிட, பெய்த மழையைத் தேக்கி வைக்கத் தவறியதன் விளைவு என்பதே பொருந்தும்.” ‘பெய்த மழை’ என்ற சொல்லிலேயே மழை ஓரளவு பெய்தது என்பதும் வந்துவிடுகிறது, இடைச்சொல் சொன்ன மிச்சம் பத்திரமாக இருக்கும்.

இரண்டாவதில் கவனம். குறைந்தது கசிவு என்று மூலம் சொல்லவில்லை; அதனால் வரும் தொல்லை குறைந்தது என்கிறது. கசிவு அதே அளவு இருந்து, அணைக்கு வரும் நீர் கூடியிருந்தாலும் இந்த வாக்கியம் உண்மைதான். “கசிவு இப்போது முன்போலப் பெரிய சிக்கலாக இல்லை” என்று வையுங்கள். அடுத்த பத்தியில் கசிவின் அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.